மறையாத கை

மாயாவிக் கதைகள் என்றால் எனக்கு உயிர். மனிதன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிற கதை சினிமாவாக வந்தாலும் சரி, டெலிவிஷன் தொடராக வந்தாலும் சரி, கடையில் கயிற்றிலே தொங்குகிற சித்திரக்கதைப் புத்தகமாக வந்தாலும் சரி, அதைப் பார்க்காமல் என்னால் அப்பால் நகர முடிவதில்லை. நாவல் எழுதுகிறவன் இப்படிச் சொல்லிக்கொள்வதைக் கேட்டு முகம் சுளிக்கிற நண்பர்கள் சிலர் உண்டு. "குழந்தைகள் படிக்கிற சமாசாரம் அல்லவா, ஸார்?" என்பார்கள். குழந்தைகள் படிக்கிறார்கள் என்பது வாஸ்தவம். குழந்தைகள் மகாபாரதமும்தான் கேட்கிறார்கள்.

ஆனால் ரசிகனுக்கும் ஒரு நாணயம் வேண்டும். தனக்குப் பிடித்ததெல்லாம் உயர்ந்தது என்று சாதிக்க முற்படக்கூடாது. இந்த ரகக் கதைகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. சில, அசட்டுத்தனத்தின் எல்லைக்கே போய்விடுபவை. இருந்தும் நான் ஏன் அவற்றை விடுவதில்லை? ஏனென்றால், நல்லதோ மட்டமோ, அவை எல்லாவற்றின் அடியிலும் ஒரே கேள்வி படுத்திருக்கிறது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் மனிதன் எப்படி நடந்துகொள்வான்? நாம் நல்லவர்களாக இருப்பது நல்லது என்பதனாலா, நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதனாலா?

இது இன்று நேற்றுப் பிறந்த கேள்வி அன்று. ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய 'குடியரசு' என்ற நூலின் இரண்டாம் பகுதியில், அவருடைய தமையன் கிளாக்கன் ஒரு கதை சொல்லுகிறான். லிடியா தேசத்து அரசனுடைய ஆட்டிடையன் ஒருவன். புயலும் பூகம்பமும் வந்து நிலம் பிளக்கிறது. பிளவுக்குள் இறங்கிப் பார்க்கிறான். உள்ளே கூடாகச் செய்த ஒரு வெண்கலக் குதிரை. அதற்குள் ஒரு பிரேதம். அதன் விரலில் ஒரு பொன் மோதிரம். அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். பிறகு மற்ற இடையர்களோடு உட்கார்ந்திருக்கும்போது மோதிரத்தின் முகப்பைத் தற்செயலாக உள்ளங்கைப் பக்கம் திருப்புகிறான். பக்கத்தில் இருப்பவர்கள், அவன் எழுந்து போய்விட்டதாக எண்ணி அவனைப் பற்றியே பேச ஆரம்பிக்கிறார்கள்! வெளிப்பக்கம் திருப்பினால் மறுபடியும் தெரிகிறான். அவ்வளவுதான். அரண்மனைக்குப் போகும் தூதர்களில் ஒருவனாகத் தன்னைச் சேர்த்துக்கொள்கிறான். ராணியைத் தன் வசப்படுத்துகிறான். அவள் உதவியோடு அரசனைக் கொன்றுவிட்டுச் சிங்காதனத்தில் ஏறிவிடுகிறான்.

இப்படிப்பட்ட மோதிரம் இரண்டு இருந்து, ஒன்றை நீதிமானும் மற்றதை அநியாயக்காரனும் அணிந்துகொண்டால், இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்று வாதிக்கிறான் கிளாக்கன். சாக்ரடீஸ் அதற்குப் பதில் சொல்ல மிச்சமுள்ள எட்டுப் பகுதிகளையும் எடுத்துக்கொள்கிறார். அநியாயம் செய்கிறவனுடைய ஆத்மா சீர்குலைந்து, தன் ஆசைகளுக்குத் தானே அடிமையாகிவிடுகிறது. ஆகவே மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீதியே அவனுக்கு நலம் என்பது அவர் பதிலின் சாரம். பெரிய பதில்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனக்குறை. வாதி, பிரதிவாதி இருவருமே மோதிரம் போட்டவனைப் பற்றியே பேசுகிறார்கள். செத்துப்போன அரசனை யாரும் விசாரிக்கவில்லை.

இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் மாயாவிக் கதைகளைப் பார்க்கிறேன்.

1897-ல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'கண்ணுக்குப் புலனாகாத மனிதன்' என்ற நாவல்தான் இக்காலத்து மாயாவிகளுக்கெல்லாம் பாட்டன். அதிலே வெல்ஸ் செய்த பெரிய காரியம், மறைந்து வாழ்வதில் உள்ள அவஸ்தையைச் சொன்னதுதான். கிரிஃபின் என்ற அந்த விஞ்ஞானியின் உடல்தான் மறைகிறது, உடுப்பு மறைவதில்லை. ஆகவே இங்கிலாந்தின் குளிரில் அவன் நிர்வாணமாக அலைய வேண்டும். சாப்பிட்டால், ஜீரணமாகும் வரை உணவு வெளியே தெரியும். மழை பெய்தால் உருவம் தெரியும். நாய்கள் மோப்பம் பிடிக்கின்றன. லண்டன் தெருவில் அவனுடைய சேற்றுக் கால்தடத்தை முதலில் கண்டுபிடிப்பவர்கள் இரண்டு தெருப் பையன்கள். உலகத்தையே ஆளலாம் என்று மறைந்தவனுக்கு, ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு கம்பளிச் சட்டையும் கிடைப்பது பிரம்மப் பிரயத்தனமாகிவிடுகிறது!

இன்னொன்றையும் வெல்ஸ் கவனமாகச் சொல்லியிருக்கிறார். கிரிஃபின் மறைந்த பிறகு கெட்டவனாகவில்லை. அதற்கு முன்பே, ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று தன் தகப்பனாரிடமிருந்தே திருடியவன் அவன். அது தகப்பனாருடைய சொந்தப் பணமும் அல்ல. அந்த அவமானத்தில் அவர் சுட்டுக்கொண்டு இறந்துபோகிறார். மருந்து அவன் உடம்பைத்தான் மறைத்தது. உள்ளத்தை வெளியே காட்டிவிட்டது.

1933-ல் ஹாலிவுட்டில் ஜேம்ஸ் வேல் இந்தக் கதையைப் படமாக்கினார். கிரிஃபினாக நடித்தவர் கிளாட் ரெய்ன்ஸ். படம் முழுவதும் கட்டுத்துணியும் கறுப்புக் கண்ணாடியும் குரலும்தான். அவருடைய முகம் கடைசியில், மரணப் படுக்கையில்தான் தெரிகிறது. நடிகருக்குக் கறுப்பு வெல்வெட் உடை அணிவித்து, கறுப்பு வெல்வெட் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்து, அதை வேறொரு படத்தோடு இணைத்து அந்தக் காலத்திலேயே அதிசயம் செய்திருக்கிறார்கள். படத்தில் ஒரு வேடிக்கையான பிசகும் உண்டு. நிர்வாணமாக ஓட வேண்டிய மாயாவி, பனியில் பூட்ஸ் தடத்தைப் பதித்துக்கொண்டு போகிறான்! ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு அந்தப் படத்தின் மீதுள்ள வருத்தம் பூட்ஸைப் பற்றியது அல்ல. மறைய வைக்கும் மருந்திலேயே பைத்தியம் பிடிக்க வைக்கும் சரக்கு ஒன்று கலந்திருப்பதாகப் படத்தில் மாற்றிவிட்டார்கள். நாவலில் இது கிடையாது. இதனால் என்ன ஆகிறது? ரயிலைக் கவிழ்த்தவன் மருந்து. கொலை செய்தவன் மருந்து. கிரிஃபின் பாவம், நல்ல பிள்ளை! கள் குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், மறுநாள் காலையில் "நான் எங்கே அடித்தேன்? உள்ளே போனது அடித்தது" என்று சொல்வதில்லையா? பார்ப்பதற்கு அற்புதமான படம். கேள்வியிலிருந்து நழுவிவிட்ட படம்.

1958-ல் இங்கிலாந்து டெலிவிஷனில் இதே பெயரில் ஒரு தொடர் வந்தது. மறைந்தவர் யோக்கியமான விஞ்ஞானி. சகோதரியோடும் அவளுடைய பெண்ணோடும் குடும்பமாக வாழ்ந்துகொண்டு, துரோகிகளையும் ஒற்றர்களையும் பிடித்துக் கொடுக்கிறார். நடித்தவர் பெயரைக் கூட வெளியிடாமல் விளம்பரம் செய்தார்கள். 1987-ல் இந்தியில் வந்த 'மிஸ்டர் இந்தியா'வின் கதாநாயகனும் தங்கமானவன். அநாதைக் குழந்தைகளை வைத்து வளர்க்கிறவன். சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் அவன் தெரிந்துவிடுவான் என்பது நல்ல கற்பனை. இரண்டும் சந்தோஷமாகப் பார்க்கக்கூடியவை. ஆனால் மோதிரம் நல்லவன் கையில் கிடைத்தது, அவன் நல்லதே செய்தான் என்றால், அங்கே கேள்வி எழுவதற்கே இடமில்லையே!

கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, யாரும் மதிக்காத ஒரு சித்திரக்கதை. 1962-ல் 'வேலியன்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை அது. எழுதியவர் கென் பல்மர். பிறகு டாம் டல்லி. சித்திரம் வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் தேசத்து ஓவியர். தமிழ் வாசகர்களுக்கு இத்தனை விவரம் வேண்டியதில்லை. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வெளியான முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் என்றால் போதும். 'இரும்புக்கை மாயாவி' என்று ஊரே சொல்லும்.

பரிசோதனைச் சாலை விபத்தில் லூயி கிராண்டேல் ஒரு கையை இழக்கிறான். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். பின்னொரு சமயம் அதிக அழுத்த மின்சாரம் அவன் மீது பாய, உடல் முழுவதும் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மாத்திரம் மறைவதில்லை! அந்தரத்தில் ஒரு கை மிதந்து வருகிறது. ஆரம்பத்தில் அவன் வில்லன்தான். கிடைத்த சக்தியைக் குற்றங்களுக்கே பயன்படுத்துகிறான். கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி, பிறகு நிழற்படை என்ற ரகசிய ஸ்தாபனத்தில் சேர்ந்து நல்ல காரியங்கள் செய்கிறான். நல்லவனும் கெட்டவனும் ஒரே ஆளாகப் போனதால் மோதிரத்தின் கேள்வி அவனுக்குள்ளேயே நடக்கிறது. இது முதல் சிறப்பு.

அதைவிடப் பெரிய சிறப்பு அந்தக் கை. முகம் மறையலாம், பெயர் மறையலாம், ஆள் எங்கே நிற்கிறான் என்பது மறையலாம். செய்கிற கை மறைவதில்லை. கதாசிரியர் இவ்வளவு யோசித்து எழுதினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. வாரா வாரம் சிறுவர்களைத் திகிலடிக்க வைப்பதுதான் அவருடைய நோக்கமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் பிளேட்டோவின் கதையில் நான் தேடிய பொருள் எனக்கு இங்கேதான் கிடைத்தது. மாயாவியைப் பார்க்க முடியாது. ஆனால் யாருடைய கழுத்தில் அந்தக் கை விழுகிறதோ, அவனுக்கு அது தெரியும்.

"கதை நன்றாக இருக்கிறது, நம்மிடம் மோதிரமும் இல்லை, இரும்புக் கையும் இல்லை. நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். மோதிரம் நம்மிடம் இருக்கிறது. அதை நம்முடைய ஊரில் மொட்டைக் கடுதாசி என்று சொல்லுவார்கள்.

எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கப்போகிற சமயத்தில் பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம் போயிற்று. நாலே வரி, கையெழுத்து இல்லை. அதில் எழுதியிருந்தது பொய் என்பது பிள்ளை வீட்டாருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், "எதற்கு வம்பு?" என்று விலகிக்கொண்டுவிட்டார்கள். கல்யாணம் நின்றதை அந்தப் பெண் எப்படியோ சகித்துக்கொண்டாள். அவள் பட்ட பாடு வேறு. கோயிலில் கையைப் பிடித்துக் குசலம் விசாரிக்கிற மாமி, அடுத்த வீட்டில் காப்பிப் பொடி கடன் கேட்க வருகிறவள், அலுவலகத்தில் எதிர் நாற்காலியில் இருப்பவன், கல்யாணத்தைப் பற்றி அக்கறையோடு விசாரித்த சொந்தச் சித்தப்பா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இவர்தானோ?" என்று நினைக்க வேண்டியதாகிவிட்டது. அவளே ஒருமுறை சொன்னாள்: "எழுதினது யாருன்னு தெரிஞ்சிருந்தா ஒருத்தரைத்தான் மாமா வெறுத்திருப்பேன்."

மறைந்து நின்று செய்கிறவன், தன் ஒருவனுடைய பாவத்தை ஊரார் எல்லோர் முகத்திலும் பூசிவிட்டுப் போய்விடுகிறான். அவன் ஆத்மா என்ன ஆயிற்று என்று சாக்ரடீஸ் விசாரிக்கட்டும். அவளுக்கு உலகமே சந்தேகமாகிவிட்டதே, அதை யார் விசாரிப்பது?

அந்தக் காலத்தில் மொட்டைக் கடுதாசி எழுதக் காகிதமும் உறையும் தபால்தலையும் வேண்டியிருந்தன. தபால்பெட்டி வரை நடக்க வேண்டியிருந்தது. நடக்கிற நேரத்தில் மனம் மாறினவர்களும் இருந்திருப்பார்கள். இன்றைக்குக் கைத்தொலைபேசியில் இல்லாத பெயரும் யாருடைய படமோ ஒன்றும் வைத்துக்கொண்டு, படுத்த படுக்கையிலேயே ஒருவனை நாசமாக்கலாம். இடையனுக்குப் பூகம்பம் வந்துதான் மோதிரம் கிடைத்தது. நமக்குக் கடையில் கிடைக்கிறது.

இந்த விசாரத்தை நேருக்கு நேர் நடத்திய படம் ஒன்று 2020-ல் வந்தது. பெயர் அதே பெயர்தான்; எடுத்தவர் லீ வானெல். ஒளியியல் விஞ்ஞானி ஒருவனுடைய கொடுமை தாங்காமல் அவனோடு வாழ்ந்த பெண் ஓடிவந்துவிடுகிறாள். அவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால் அவன் தன்னை மறைக்கும் உடை ஒன்றை அணிந்துகொண்டு அவளைத் தொடர்கிறான். படம் அவனோடு போவதில்லை, அவளோடு இருக்கிறது. வெல்ஸ் காலத்திலிருந்து மாயாவியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்த கதை, முதல் தடவையாக முழுக்க மறுபக்கம் வந்து உட்காருகிறது. காலி நாற்காலி ஒன்றைக் காமிரா சும்மா காட்டுகிறது. நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவள் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை. எலிஸபெத் மாஸ் என்ற நடிகையின் முகத்தில், கடுதாசிக்குப் பலியான அந்தப் பெண்ணின் பார்வையை நான் அப்படியே கண்டேன்.

கதையின் முடிவை வெளியிடக்கூடாது என்பது சினிமா ரசிகர்களின் தர்மம். ஆனால் இந்த முடிவைச் சொல்லாமல் என் கேள்வியைப் பேச முடியாது. கடைசியில் அவளே அந்த உடையை அணிந்து அவனைக் கொன்றுவிடுகிறாள். வீட்டிலிருக்கும் காவல் காமிராவின் கண்ணுக்கு, அவன் தற்கொலை செய்துகொண்டது போலத் தெரிகிறது. கொட்டகையில் கை தட்டுவார்கள், தட்டத்தான் தோன்றும். ஆனால் எனக்குக் கிளாக்கனின் ஞாபகம் வந்தது. நீதிமானுக்கும் மோதிரம் கிடைத்தால் அதே வழியில்தான் போவான் என்றானே! அவள் செய்தது நியாயமா என்று என்னைக் கேட்டால், அவளைத் தண்டிக்க எனக்கு மனம் வராது. அதை நியாயம் என்று சொல்லவும் நாக்கு எழாது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அவன் உயிர் போகும் தறுவாயில், காமிராவுக்குப் படாத ஓர் இடத்தில் வந்து நின்று, அவன் கண்ணுக்கு மட்டும் அவள் தன்னைக் காட்டிக்கொள்கிறாள். அவன் அவளுக்கு ஒருபோதும் செய்யாத காரியம் அது. பட்டவனுக்கு, செய்தவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதை மனித உள்ளம் பழிவாங்கும் போதுகூட உணருகிறது போலும். ஆனால் உலகத்தின் முன் வந்து நின்று பதில் சொல்ல அவள் துணியவில்லை.

இந்த இடத்தில் நம்முடைய பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. மறைந்து நின்று வாலி மீது அம்பெய்தது முறையா என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். பட்டிமன்ற மேடைகளில் அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கம்பன் காட்டுகிற இரண்டு விஷயங்களை எண்ணிப் பாருங்கள். மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து, அதிலே பொறித்திருந்த பெயரை வாலி படிக்கிறான். எய்தவன் மறைந்திருந்தான், அம்பில் பெயர் மறைந்திருக்கவில்லை. இரண்டாவது, இராமன் அடிபட்டவன் முன்னால் வந்து நிற்கிறான். வாலி கேட்கிற கடுமையான கேள்விகளையெல்லாம் நின்று கேட்கிறான், பதில் சொல்லுகிறான். அந்தப் பதில் போதுமா, போதாதா என்று நாம் இன்றும் வாதாட முடிகிறதென்றால், அவன் வெளியே வந்து நின்றதனால்தான் முடிகிறது. மொட்டைக் கடுதாசி எழுதியவனோடு யார் வாதாட முடியும்?

'யாரும் பார்க்காவிட்டால் என்ன செய்வாய்?' என்று கேட்கப்பட்ட கேள்வியிலேயே ஒரு பிசகு இருப்பதாக இப்போது எனக்குத் தோன்றுகிறது. யாரும் பார்க்காத செயல் என்று ஒன்று கிடையாது. எந்தச் செயலும் யார் மீதாவது போய் விழுகிறது. விழுந்த இடத்தில் ஒரு மனிதன் இருக்கிறான். செய்தவனுடைய முகம் அவனுக்குத் தெரியாமல் போகலாம். செய்ததன் முழு உருவமும் அவனுக்குத்தான் தெரியும், செய்தவனைவிட நன்றாகவே தெரியும். கடவுள் பார்க்கிறார் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். மனச்சாட்சி பார்க்கிறது என்பவர்களும் சொல்லட்டும். இரண்டிலும் நம்பிக்கை இல்லாதவன்கூடப் பட்டவனை இல்லையென்று சொல்ல முடியாது.

ஆகவே சித்திரக்கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையனைக் கண்டால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். அவனிடம் ஒன்று கேளுங்கள்: "எல்லாம் மறைந்த பிறகும் அந்தக் கை மட்டும் ஏனடா தெரிகிறது?" மின்சாரத்தையும் இரும்பையும் பற்றி ஏதாவது சொல்லுவான். இப்போதைக்கு அந்தப் பதில் அவனுக்குப் போதும். கையெழுத்துப் போடாமல் எதையாவது எழுதி அனுப்பலாமா என்ற ஆசை என்றைக்காவது ஒரு நாள் அவனுக்கும் வரும். அந்தரத்தில் மிதந்துபோகிற அந்தக் கை அப்போது அவனுக்கு ஞாபகம் வந்தால், கொடுத்த காசு வீண் போகவில்லை.